இந்த வருஷம் நீ கேட்கவில்லை

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
மார்கழி

ஆத்தா,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது, எழுதிவிட்டேன், சரி.

வருஷக் கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்பாய். "அப்பச்சி, இந்த வருஷம் எழுதினதுல உங்களுக்கே பிடிச்சது எது?" பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தது. சிங்கப்பூர் போன பிறகும் நீ நிறுத்தவில்லை, கல்யாணத்துக்கு முந்தின வாரம் நகைக்கடைப் படியில் நின்றுகொண்டுகூடக் கேட்டாய். இந்த வருஷம் கேட்கவில்லை. வேலை இருக்கும். நான் வழக்கம்போலப் பதிலை யோசித்து வைத்துவிட்டேன், வீணாகப் போகக்கூடாது, அதனால் கேட்காமலே சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் நீ இப்போதெல்லாம் "ம்" மட்டும் சொல்கிறாய்.

அதற்கு முன்னால் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கேட்டால் கேமரா அப்படிக் காட்டுகிறது என்கிறாய். பின்னால் இருந்த சுவரும் வேறாக இருந்தது. முன்னெல்லாம் இளமஞ்சளாக இருக்கும், கல்யாண போட்டோ மாட்டியிருக்கும். இப்போது வெள்ளைச் சுவர், கீழே ஒரு அட்டைப்பெட்டி. பெயின்ட் அடித்திருப்பீர்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருஷம் கதையில் 31 அத்தியாயம். எல்லாம் உன் ஐயா, என் அப்பச்சி, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பேரேடுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களில்தான், இன்னும் நாலு பேரேடு மிச்சமிருக்கிறது, என் காலம் வரைக்கும் வரும். பெரிய வீட்டுப் பங்காளி போன மாதம் கோயிலில் பார்த்து, "உன் ராஜகுமாரிக்கு இன்னும் விடியலையா?" என்று கேட்டார். பாங்கியில் வேலை பார்த்தவன் பறக்கும் யானையைப் பற்றி எழுதுகிறான் என்று ஊரில் சிரிப்பார்கள், உனக்குத் தெரியாததா. என் கதையில் யானை ஒருபோதும் பறந்ததில்லை.

பிடித்ததில் முதலாவது, தளம் போடுகிற காட்சி. இதற்காக ஆத்தங்குடிக்கு மூன்று தரம் டிவிஎஸ்ஸில் போய்வந்தேன். நம் வீட்டுப் பட்டாலையில், அந்த ஆத்தங்குடிக் கல் போட்ட கூடத்தில், தவழ்ந்து வளர்ந்தவன்தான் நான், ஆனால் அந்தக் கல் எப்படிப் பிறக்கிறது என்று இத்தனை வயதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிச் சட்டம். அதற்குள் பூவும் கொடியுமாகத் தகட்டு அச்சை வைத்து, சிமென்டில் கரைத்த சாயத்தைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள், பச்சை ஒரு அறை, காவி ஒரு அறை. அச்சைத் தூக்கினால் சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது, அது கைப்பழக்கம். மேலே மணலும் சிமென்டுமாக உலர்ந்த கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டிவிடுகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரியும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, யாரும் தேய்த்துக் கொண்டுவந்தது இல்லை.

ஆக, வேலை பார்க்கிறவருக்கு நேரமெல்லாம் கல்லின் முதுகுதான் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கதையில் ஒரு கிழவர், ராணி செத்துப்போன அரண்மனைக்குத் தளம் போடுகிறார். ஒவ்வொரு கல்லிலும் ராணி கடைசியாகப் பார்த்த ஒரு பொருள் படிந்திருக்கும். எந்தக் கல்லில் எது என்று அவருக்குத் தெரியாது, திருப்பிப் பார்க்கவும் அனுமதி கிடையாது. ஒரு கல்லை மட்டும் மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, விடியும்வரை அதைத் திருப்பாமலே உட்கார்ந்திருக்கிறார். நாலு பக்கம்தான். 19 நாள் ஆனது. படித்தால் உனக்குப் பிடிக்கும். அனுப்பினேனே, வந்ததா? நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

உன்னிடம் எனக்குப் பயம் உண்டு, தெரியுமா. பதினாலு வயதில் என் முதல் நாவலைப் படித்துவிட்டு "ஒரே வாரத்துல ரெண்டு பௌர்ணமி வருது அப்பச்சி" என்றாய். எடிட்டருக்குக் கண்ணில் படவில்லை, எனக்குப் படவில்லை, என் பெண்ணுக்குப் பட்டது என்று போகிற இடமெல்லாம் சொன்னேன், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வம்பே வேண்டாம் என்று அந்த உலகத்துக்கு இரண்டு நிலாவாக வைத்துவிட்டேன். அப்படியும் இன்றைக்கு வரை பஞ்சாங்கம் மாதிரி தனியாக ஒரு நோட்டுப் போட்டுத்தான் எழுதுகிறேன், உன் கண்ணில் பட்டுவிடும் என்று.

இரண்டாவது, தீயை விழுங்குகிற காட்சி. எங்கிருந்து எடுத்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளையார் நோன்புக்கு இருபத்தொரு இழையைத் திரித்து, மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, எரிய எரிய வாயில் போட்டுக்கொள்கிற ஜாதியில் பிறந்துவிட்டு மந்திரத்துக்கு வேறு எங்கே போய்த் தேடுவது? கதையில் அதை விழுங்குகிறவளுக்கு மற்றவர்கள் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் காதில் கேட்கும். சின்னக் காட்சிதான், ஒரே மூச்சில் வந்தது.

நோன்பன்றைக்கு நீ கூப்பிடுவாய் என்று எட்டு மணி வரைக்கும் இழை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோட்டையூர் அயித்தை வந்து கோலம் போட்டு, ஆவாரம்பூ பொரி எல்லாம் எடுத்து வைத்து, "நேரமாகுதுல்ல" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள். அங்கேயும் எடுக்கிறார்கள்தானே, டேங்க் ரோடு கோயிலில் கேட்டால் சொல்வார்களே. 1859இல் நம் ஆட்கள் கட்டின கோயில், உன் ஐயா மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், வட்டிக்கடையில், எடுபிடிப் பெட்டியடிப் பையனாக இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் போனது, நீ எம்ஆர்டி ரயிலில் போகிற தூரம்தான். ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். அவர்கூட மாதம் ஒரு கடிதம் தப்பாமல் போட்டார். உனக்கு நாலு மணி நேரச் சொச்சத்தில் திருச்சி. குறையாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கும் போன் போட்டேன், எடுக்கவில்லை, "மீட்டிங் மாமா" என்று ஒரு வரி வந்தது. அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு உனக்கு அடித்தேன், உங்கள் ஊரில் ஒன்றரை. ஒரே மணியில் எடுத்தாய். அந்த நேரத்தில் ஏன் முழித்திருக்கிறாய்? சீக்கிரம் படுக்க வேண்டும் ஆத்தா. பாலில் கொஞ்சம் மஞ்சள் போட்டுக் குடித்துவிட்டுப் படு. காப்பியைக் குறை.

மூன்றாவது, கணக்கர் காட்சி. ஆறாம் தீவு அரண்மனையிலிருந்து ஒருத்தி ஒற்றைப் பெட்டியோடு படகில் வந்து இறங்குகிறாள். கரையில் கணக்கர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, "உன்னை எங்கே எழுதுவது?" என்கிறார். புருஷனும் பெண்டாட்டியுமானால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் அரை, உன் அம்மா போன பிறகு கோயில் கணக்கில் என்னை எழுதியிருக்கிறார்களே அந்த மாதிரி. இவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறான், ஆனால் இவள் தனியாக வந்திருக்கிறாள். கணக்கருக்கு இதற்கு வழக்கம் தெரியவில்லை. அவள் எழுத்தாணியை வாங்கி, தன் பேருக்கு நேரே முழுசாக ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊருக்குள் நடந்துபோகிறாள்.

முதலில் எழுதினபோது அடுத்த அத்தியாயத்திலேயே அவளைத் திருப்பி அனுப்பியிருந்தேன். யுத்தம் வருகிறது, அரண்மனையில் ஒரு ராணி வேண்டும், கதைக்கு அது சௌகரியம். ஆடிக்கு அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவள் ஏன் வந்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை.

நாலாவது காட்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் இருக்கிறதே, இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் சார்த்திவைத்திருப்பார்கள். அங்கே ஒரு கதவு தனியாக நின்றது. நாலு பேர் தூக்கவேண்டிய கதவு, மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளி, பின்னால் வீடு கிடையாது, வெறும் தகரக் கொட்டகை. அதைப் பார்த்ததும் காட்சி வந்துவிட்டது. கதவுச் சந்தையில் ஒரு பெண் தன் பிறந்த வீட்டுக் கதவை அடையாளம் கண்டுபிடிக்கிறாள். வீடு இடிந்து பல வருஷம். சும்மா வளையத்தைப் பிடித்துத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து குரல் வருகிறது. நின்றுகொண்டே இருக்கிறாள், சந்தை கலைகிறது, கடைக்காரர் படுதாவைக் கட்டுகிறார், கதவு திறக்கவில்லை. மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள், அழுதோம் என்று. எனக்கு ரொம்பப் பெருமை.

உனக்கு அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி அனுப்பலாம் என்று நேற்றுப் பேரேட்டை எடுத்தேன். உள்ளேயிருந்து என்ன குரல் வருகிறது என்று இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "இதோ வந்துடறேன் ஆத்தா, இந்த ஒரு பக்கம்."

பேனாவை வைத்துவிட்டேன்.

ஆடியில் வந்தாயே, ஆறு நாள், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று தனியாக. நாலாம் நாள் ராத்திரி. நான் முகப்பில் கைப்பெட்டியை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். நீ வந்து தூணோரம் உட்கார்ந்தாய், தலை காயவில்லை, துண்டைச் சுற்றியிருந்தாய். "அப்பச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் அதைத்தான் சொன்னேன், அதே வார்த்தை. அன்றைக்குப் பேனா ஓடிற்று ஆத்தா, அப்படி ஓடுவது வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான், பதினோரு பக்கம். நிமிர்ந்தபோது ஒன்றரை மணி. தூணோரம் துண்டு மட்டும் கிடந்தது. அடுப்படியில் எனக்கு இட்லியைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாய். உன் அறைக்கு வெளியே கொஞ்சம் நின்றேன். நீ தூங்கவில்லை. தூங்குகிறவர்களின் மூச்சு எனக்குத் தெரியும், உன் அம்மா பக்கத்தில் அவ்வளவு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் கேட்டேன், "என்னமோ சொல்லணும்னியே?" நீ "ஒண்ணுமில்ல அப்பச்சி, மறந்துட்டேன்" என்றாய். மறந்திருக்க மாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எனக்கு உள்ளே ஒரு நிம்மதிதான் வந்தது, அதை என்னவென்று சொல்வது. அன்றைக்கு மிச்சம் இரண்டு பக்கம் இருந்தது. உன் அம்மா முதல் தரம் வயிறு வலிக்கிறது என்று சொன்ன வாரமும் நான் ஏதோ ஒரு யுத்தத்தை முடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அயித்தைக்குக்கூடத் தெரியாது.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று இப்போது கேட்கமாட்டேன். சுவர் எந்த நிறமாக இருந்தாலும் சரி.

உள்முற்றத்து வளவில் நம் பங்கு அறையை, நம் வீட்டை, நேற்றுத் திறந்தேன். பூட்டு இறுகிப்போயிருந்தது, தேங்காயெண்ணெய் விட்டு அரை நாள் போராடினேன். உள்வீட்டில் சாமானெல்லாம் அப்படியே இருக்கிறது, உன் சீருக்கு வாங்கி எண்ணிக்கையில் மீந்துபோன எனாமல் வாளிகூட. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறான். ஃபேனையும் மாற்றச் சொல்லிவிட்டேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இந்த வீட்டில் ஏது அறை என்று பங்காளிகள் கேட்பார்கள், கேட்கட்டும். அவர்களுக்கு வீட்டை விற்கிற யோசனை வேறு இருக்கிறது, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், இப்போது அது முக்கியமில்லை.

திருச்சிக்கு எந்த நேரத்து ப்ளைட்டானாலும் நானே காரோடு வந்து நிற்பேன். டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமானால் வாய் திறந்து சொல்லு. வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம்.

அயித்தை இழை மாவில் ஒரு உருண்டை உனக்கென்று தனியாக எடுத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். பத்து நாள் தாங்குமாம்.

அப்பச்சி