எடையை மட்டும் பார்க்காதீர்கள்

பயிர்க் காப்பீட்டுப் பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவில்பட்டி பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசலில் உளுந்து போடுகிறவன் நான். எங்கள் பாடு உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு 70 சென்டிமீட்டர்கூடத் தேறாத மழை. அதை நம்பித்தான் புரட்டாசியில் புழுதியிலேயே விதைக்கிறோம். இந்தத் தடவை விதைத்த பிறகு மழை தள்ளிப்போக, அரைகுறையாய் முளைத்ததை உழுதுபோட்டு மறுபடியும் விதை வாங்கினேன். சரி, அது எங்களுக்குப் பழகின நஷ்டம்.

தை மழையைத்தான் தாங்க முடியவில்லை. காய் முற்றி நெத்தெல்லாம் கறுத்து, மறுநாள் பிடுங்க ஆள் சொல்லியிருந்தேன். அன்று ராத்திரி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. வெறித்த பிறகு, காலில் அப்பிய கரிசலோடு உள்ளே போய் ஒரு நெத்தைப் பிரித்தேன். உள்ளே ஆறு உளுந்து இருந்தது. ஆறிலும் வெள்ளை முளை. அடுத்த செடியிலும் அப்படித்தான். என் மனைவி ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். 2021 ஜனவரியிலும் இப்படித்தான் செடியிலேயே முளைத்தது.

அப்புறம், காப்பீட்டுக்காக விளைச்சலை அளந்து பார்க்கும் அறுவடைப் பரிசோதனை நடந்தது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, பிடுங்கி, அடித்து, தராசில் வைத்தார்கள். எடை இருந்தது. அதனால் இழப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஐயா, முளைத்த உளுந்துக்கும் எடை உண்டு. விலைதான் கிடையாது. 2025-26க்கு உளுந்துக்கு அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலைக்குக் கொண்டுபோனால் தரம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாங்கும்போது தரம், இழப்பீட்டுக்கு மட்டும் எடையா? இது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் பிரீமியம் கட்டுவது மழை மாறிப்போனதற்காகத்தான். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில், காயல்பட்டினத்தில், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்களுக்கு ஒரு வருஷத்துக்குக்கூட அவ்வளவு வராது. மக்காச்சோளத்துக்கு மாறலாம் என்றால் படைப்புழு. அதற்குத் தப்பினால் காட்டுப்பன்றி. ராத்திரி முழுக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறோம். மனுவோடு போனால் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால், பரிசோதனையில் எடையோடு தரத்தையும் பதிந்துகொள்ளுங்கள். முளைத்தது, நிறம் கெட்டது, பூசணம் பிடித்தது இவ்வளவு என்று கணக்கில் எழுதுங்கள். அதற்கு விதியில் இடமில்லை என்றால் விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதுங்கள். நாங்கள் எழுதினால் போய்ச் சேராத இடத்துக்கு உங்கள் கடிதம் போகும்.

அந்த உளுந்தில் ஒரு மூடையை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன். ஒரு நாள் வந்து கையைவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி