வண்ணாரப்பேட்டையில் துணை நின்ற அம்மாவுக்கு நன்றி

கடந்த வாரம் ஒரு மாலையில், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என்னை இரு சக்கர வாகனத்தில் பின்தொடர்ந்து ஆபாசமாகப் பேசிய இருவரைப் பார்த்ததும், கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, "எம் பொண்ணுகிட்ட என்னடா பேச்சு?" என்று அதட்டிய அம்மா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

என் கைப்பேசியில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி இருந்தது. பொத்தானை அழுத்தினால் நான் நிற்கும் இடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். ஆனால் விரல்கள் நடுங்கும்போது, பூட்டிய திரையைத் திறந்து செயலியைத் தேடுவது எளிதன்று. நீங்கள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என்னால் 112-ஐ அழைக்க முடிந்தது. வண்டி எண்ணை மனத்தில் பதித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னவரும் நீங்களே. அது இல்லாமல் என் புகாருக்கு வலு ஏது?

பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இருந்தும், அந்தச் சில நிமிடங்களில் எனக்கு முதலில் கிடைத்த காவல் நீங்கள்தான்.

புகார் கொடுத்துவிட்டேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும், வியாபாரம் கெடாத நேரமாகப் பார்த்துச் சாட்சி சொல்ல அழைத்துச் செல்கிறேன்.