அ.சா.5 (அரசு தரப்பின் ஐந்தாவது சாட்சி) எழுதும் கடிதம்

சேரன்மகாதேவி

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். கோர்ட் எப்படி இருக்கும் என்று அவளுக்காக எழுதச் சொல்கிறாய். நல்ல நேரத்தில்தான் கேட்டாய். போன வாரம் பாளையங்கோட்டை போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் பழசு. நான் வி.ஏ.ஓ.வாக இருந்த கடைசி வருஷம், கன்னடியன் கால்வாய் மடையில் தண்ணீர் திருப்புவதில் தகராறு. ஒருவன் இன்னொருவனைத் தோளில் வெட்டிவிட்டான். கொலை முயற்சி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு. (2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்திருந்தால் புதுச் சட்டத்தில் 109. பேத்தி படிக்கப்போவது புது எண்கள். இது பழைய எண்ணிலேயே ஓடுகிறது.) பிடிபட்டவன் என் முன்னாலும் தலையாரி முன்னாலும் வாழைத்தோப்பிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுத்தான். பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டதோடு நான் மறந்தும் போனேன். போலீஸிடம் "நான்தான் வெட்டினேன்" என்று ஒருவன் சொன்னால் அது கோர்ட்டில் செல்லாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும் செல்லும். அதைக் கேட்டேன், எடுத்ததைப் பார்த்தேன் என்று சொல்லத்தான் வி.ஏ.ஓ.

கோர்ட் சேவகரான டபாலி என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தேன். அரசு வக்கீல் மெதுவாகக் கேட்டார். பதிலை வாயில் ஊட்டுகிற மாதிரி அவர் கேட்கக் கூடாதாம். எங்கே, எப்போது, யார் என்றுதான் கேட்க முடியும். துணிப் பொட்டலத்தைப் பிரித்து "இதுதானா?" என்றார். அரிவாளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்ம ஊரில் எல்லா அரிவாளும் ஒரே மாதிரிதானே! அதில் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் ஆமாம் என்றேன்.

அப்புறம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) தரப்பு வக்கீல் எழுந்தார். பையன் வயசு, என் மகனைவிடச் சின்னவன். தோப்பு யாருடையது? வேலி உண்டா? பக்கத்தில் வீடு இருந்ததா, அங்கிருந்து ஆளைக் கூப்பிட்டீர்களா? கூப்பிடவில்லை, உண்மை. கடைசியில், "நீங்கள் தோப்புக்கே போகவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள், இன்று பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம். பொய்யா? நான் வாய் திறக்குமுன் நீதிபதி, "சரியா, சரியல்லவா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று அவரே சொல்ல, டைப்பிஸ்ட் தட்டினார். நான் சொல்ல வந்ததில் ஒரு சொல் இல்லை. ஆனால் கீழே என் கையெழுத்து!

வெளியே டீக்கடையில் அந்தப் பையனே வந்து, "கோபப்படாதீங்க அண்ணாச்சி. எங்க தரப்பைச் சாட்சிகிட்டயே கேட்டு வைக்கணும். கேக்காம விட்டா அவர் சொன்னதை நாங்க மறுக்கலன்னு ஆயிடும்" என்றான். சரி, அவன் பிழைப்பு அது. வெட்டினவனுக்கு எதற்கு வக்கீல் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். வ.உ.சி.யே வக்கீல், 1908இல் இந்தத் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில்தான் எதிரியாக நின்று இரட்டை ஆயுள் தண்டனை வாங்கினார். ஐகோர்ட்டுக்குப் போன பிறகுதான் அது குறைந்தது. கூண்டில் யார் நிற்பார் என்று யார் கண்டது?

எதிரி இந்த நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான். அவனைப் பற்றியே இத்தனை பேச்சு, அவன் வாய் மட்டும் மூடியிருக்கிறது. சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி அவனையே கூப்பிட்டு, இன்னார் இப்படிச் சொன்னாரே என்ன சொல்கிறாய் என்று கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 313 என்பார்கள். அதற்குப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. அடுத்த வாய்தா அதற்குத்தான்.

உனக்கு ஒரு ரகசியம்: வழக்கு நிற்பது சந்தேகம்தான். வெட்டுப்பட்டவனே எனக்கு முன்னால் கூண்டேறி, "இருட்டில் யார் வெட்டினாரென்று தெரியவில்லை" என்றுவிட்டான். பிறழ் சாட்சி, அதாவது கூப்பிட்ட தரப்புக்கே எதிராகப் பேசும் சாட்சி. உடனே அரசு வக்கீலே தன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார், வேடிக்கைதான். 307 கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொள்ளக் கூடிய வழக்கில்லை. அதனால் பேசி முடித்துக்கொண்டவர்கள் இப்படிப் பிறழ் சாட்சி சொல்லிவிடுகிறார்கள்.

சாயங்காலம் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினால் எனக்கு முன் சீட்டில் எதிரியும் வெட்டுப்பட்டவனும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டவன் திரும்பி, "சார்வாளுக்கும் சேர்த்து எடுத்திட்டேன்" என்று டிக்கெட்டை நீட்டினான். எனக்கு என்ன முகம் வைப்பதென்றே தெரியவில்லை.

பேத்தியை ஒரு நாள் அனுப்பு. பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன், பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனித் தேருக்கு நீயும் வருகிறாய்தானே?

உன்,
ஆறுமுகம்