ஆய்வகத்தோடு வணிகமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு வணிகத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 1976-ல் அமெரிக்காவில் ஜெனென்டெக் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் விஞ்ஞானி ஹெர்பர்ட் பாயரும், முதலீட்டுத் துறையிலிருந்து வந்த ராபர்ட் ஸ்வான்சனும். பாக்டீரியாவில் உருவாக்கிய மனித இன்சுலின் 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதில் இருவருக்குமே பங்குண்டு. பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷா 1978-ல் பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது ஒரு கார் ஷெட்டில். பப்பாளியிலிருந்து பப்பைன் நொதி எடுத்து விற்றார். துறையே புதிது, அதிலும் ஒரு பெண் என்று வங்கிகள் கடன் தரத் தயங்கின. அவர் பட்ட பாட்டை இன்றைய மாணவர்கள் ஏன் படவேண்டும்?

நம் பி.டெக். மாணவர்கள் டி.என்.ஏ.வைப் பல நகல்களாகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையை அருமையாகச் செய்கிறார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி, மருந்துக்கு ஒப்புதல் வாங்க என்ன செலவாகும் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பு புதிய யோசனைகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. அதைக் கேட்டுப் பெறவாவது சந்தையைப் பற்றிப் பேசத் தெரியவேண்டாமா?

மூன்றாம் ஆண்டிலேயே எம்.பி.ஏ. மாணவர்களோடு சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்ய வையுங்கள். ஆனால் இதற்காக ஆய்வக நேரத்தில் மட்டும் கைவைத்துவிடக் கூடாது.

– ஒரு மாணவியின் தந்தை, கோவை