மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறியுங்கள்

மேன்மை தங்கிய ஜனாதிபதி அவர்களுக்கும் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த வருடமும் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வரவில்லை. என் மகள் சாதாரண தர வகுப்பு. போன வருடப் பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். அதில் பிழையாகப் போட்ட கணக்கு, பிழையாகவே இவர்களின் கொப்பிக்கும் ஏறுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்கு அனுப்பினால் வகுப்பு முடிந்து திரும்பி வர பஸ் இல்லை. பெற்றோர் எல்லோரும் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தோம். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். அந்த மேலிடத்தில் எங்கள் வாக்கால் வந்தவர் ஒருவரும் இல்லை.

2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபைக்கு வாக்களித்தபோது அப்படி இருக்கவில்லை. சட்டத்தரணியாகத் தொடங்கி, நீதவானாகி, உயர் நீதிமன்ற நீதியரசராக 2004இல் ஓய்வு பெற்ற சி. வி. விக்னேஸ்வரன் ஐயா, எழுபது கடந்த வயதில் எங்களிடம் வாக்குக் கேட்டு வந்தார். 132,255 விருப்பு வாக்குகள் கொடுத்தோம். 38 ஆசனங்களில் 30 அவருடைய அணிக்கு. அவர் முதலமைச்சரானார். சட்டத்தைக் கரைத்துக் குடித்த அந்த மனிதராலேயே முதலமைச்சர் நிதியம் ஒன்றைத் திறக்க முடியவில்லை. மேலே, ஜனாதிபதி நியமித்த ஆளுநர் இருந்தார். 2017இல் மாகாண அமைச்சர்கள் மீதான விசாரணையும் உட்கட்சிச் சண்டையுமாகச் சபை மாதக்கணக்கில் வீணானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சபை இருந்த கைதடிக்குப் போய், "ஐயா, என்ன செய்தீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்க ஓர் ஆள் இருந்தார்.

2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய தேர்தல் முறைக்குச் சட்டம் கொண்டுவந்ததும் பாராளுமன்றம்தான். அந்த முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை, 2018 ஓகஸ்டில் ஒருவர்கூட ஆதரிக்காமல் தோற்கடித்ததும் பாராளுமன்றம்தான். அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டியதும் பாராளுமன்றம்தான். அதற்கான தண்டனையை ஏன் எங்கள் பிள்ளைகள் அனுபவிக்க வேண்டும்?

2024இல் ஜனாதிபதித் தேர்தல் வந்தது, பாராளுமன்றத் தேர்தல் வந்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மூன்றுக்கும் வரிசையில் நின்றோம். மாகாணத்துக்கு மட்டும் ஏன் இல்லை? கல்வியும் வைத்தியசாலையும் வீதியும் மாகாணத்துக்கு என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்கிறது. அவற்றை ஆளுநரிடமே விட்டுவைப்பதென்றால், எங்களுக்கு வாக்குரிமை எதற்கு?

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். பழைய விகிதாசார முறையிலாவது நடத்தச் சட்டத்தைத் திருத்துங்கள். திகதி குறியுங்கள். தேர்தல் நடக்கும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்காக, ஒரு கணித ஆசிரியரையும் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவகத்துத் தாய் ஒருத்தி