நெடுவால் வௌவால்களின் குகையைக் காத்துவருவோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

பிஜி நாட்டின் வீதி லேவு தீவில் நெடுவால் வௌவால்களைக் கணக்கெடுக்கச் சென்ற எங்கள் குழுவுக்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியாக நன்றி தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதல் நன்றி, குகை அமைந்த நிலத்துக்கு உரிமையுடைய மத்தங்காலிக் குலத்தாருக்கு. வழக்கப்படி நாங்கள் வைத்த, சடங்குப் பானம் செய்ய உதவும் யங்கோனாச் செடியின் வேர்க்கட்டைக் குலத்துப் பெரியவர் ஏற்றுக்கொண்ட பிறகே பேச்சு தொடங்கியது. குகைக்குள் நுழைய நாங்கள் கேட்டிருந்த அனுமதியை அவர் மறுத்து, அந்திப்பொழுதில் வாயிலுக்கு வெளியே அமர்ந்து எண்ணிக்கொள்ளுமாறு சொன்னார். அது குட்டிகளை வளர்க்கும் பருவம். தாய்கள் மிரண்டு பறந்தால் குட்டிகள் கீழே விழுந்துவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி ஈனும் உயிரினத்துக்கு அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. எங்கள் திட்டத்தைவிட அவருடைய தீர்ப்பே சரியானது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம்.

நோட்டாப்டெரிஸ் என்னும் இப்பேரினத்தின் இரண்டு இனங்களும் பிஜி, வனுவாட்டு, நியூ கலிடோனியா தீவுகளில் மட்டுமே வாழ்கின்றன. 1859-இல் ஜான் எட்வர்டு கிரே பெயரிட்ட பிஜி இனம், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. பழந்தின்னி வௌவால் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இது பகலில் இருண்ட குகைகளில் கூட்டமாக அடைந்து, இரவில் மலர்களை நாடிச் சென்று தேன் அருந்துகிறது. ஒரே குகையை நம்பிப் பெருங்கூட்டம் வாழ்வதால், வாயிலில் மூட்டும் புகையோ, வேட்டையோ, விளக்கேந்திய கூட்டமோ முழுக் கூட்டத்தையும் பாதித்துவிடும். அந்தக் காரணத்தாலேயே குகையின் பெயரையும் வழியையும் இங்கே எழுதவில்லை.

வலையில் சிக்கிய வௌவால் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய உள்ளூர் ஆய்வாளருக்கு எங்கள் சிறப்பு நன்றி. முதுகுத்தண்டை ஒட்டியே இறக்கைத் தோல் தொடங்குவதால், அதன் முதுகு மயிரற்றதுபோல் தோன்றியது. இறக்கையைச் சற்றே தூக்கியதும் அடியில் மென்மயிர் தெரிந்தது. எலிவாலைப் போன்ற நீண்ட வால் தனித்துத் தொங்கியது. முகவாயில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்க, துளிக்குழாயில் தந்த சர்க்கரைநீரை மெல்லிய நாவை நீட்டி நக்கியபின் அது பறந்து சென்றது.

அதே தீவிலுள்ள ராக்கிராக்கி ஊரில் எங்களுக்கு உணவும் இடமும் தந்த கரும்பு விவசாயக் குடும்பத்தாரை மறக்கவே முடியாது. 1903 முதல் 1916 வரை தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டோரின் வழிவந்த அவர்கள், 2016-இல் வின்ஸ்டன் புயல் வீசியபின் மரங்கள் இலையும் பூவுமின்றி நின்றதை விவரித்தார்கள். குகைக்குள் காற்றிலிருந்து தப்பிய வௌவால்களுக்கும் வெளியே தேன் இருந்திராது என்பதை அவர்கள் சொன்ன பிறகே எண்ணிப் பார்த்தோம்.

வாயிலருகே மரவள்ளிக்கிழங்கு சுட மூட்டிய அடுப்பை எங்களுக்காக ஆற்றங்கரைக்கு மாற்றிக்கொண்ட பெண்களுக்கும், இருட்டியபின் செந்நிற விளக்குடன் எங்களோடு அமர்ந்து எண்ணிய இளைஞர்களுக்கும் நன்றி. கணக்கேட்டின் படியொன்றைப் பெரியவரிடம் ஒப்படைத்துள்ளோம். அதை யாருக்குக் காட்டலாம் என்பதைக் குலத்தாரே முடிவு செய்வார்கள்.

மிக்க நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்