அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்க சிட்காம்கள், அதாவது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள், பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ப்ளாஸம்' தொடருக்கு நாலு வரி ஒதுக்கியதே பெரிய விஷயம், இப்போது யார் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஆனால் அந்த நாலு வரிக்குள் பிள்ளைகளைத் "தாயில்லாப் பிள்ளைகள்" என்றும் அப்பாவைத் "தாயுமானவர்" என்றும் எழுதிவிட்டீர்களே, இரண்டுமே தப்பு.

அந்த வீட்டு அம்மா சாகவில்லை. பாடகியாக வேண்டும் என்று பாரிஸுக்குப் போய்விட்டார். அப்பா நிக் ரூஸோ விவாகரத்தானவர், இசைக்கலைஞர். வீட்டில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்திருக்கும் மூத்தவன் ஆன்டனி, நடுவில் ஜோயி, கடைசியாக ப்ளாஸம். 1990-ல் ஒளிபரப்பான முன்னோட்டப் பகுதியில் வேறு நடிகர்கள் அப்பாவாகவும் அம்மாவாகவும் வந்தார்கள், இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். 1991 ஜனவரியில் தொடராக வந்தபோது அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கவனியுங்கள், அனுப்பினார்கள், கொல்லவில்லை.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா என்றால் பெண்டாட்டி செத்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எழுதாத சட்டம். 1960-ல் தொடங்கிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ', அதே வருடத்து 'மை த்ரீ சன்ஸ்', 1987-ல் வந்த 'ஃபுல் ஹவுஸ்', எல்லாவற்றிலும் அப்பா மனைவியை இழந்தவர். விவாகரத்து என்றாலே சேனல்காரர்களுக்கு நடுக்கம். 1970-ல் மேரி டைலர் மூர் நடித்த தொடரில் கதாநாயகியை விவாகரத்தானவளாகக் காட்ட சிபிஎஸ் சேனல் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் நிச்சயம் வரை போய் முறிந்த உறவு என்று மாற்றினார்கள். 1975-ல் 'ஒன் டே அட் எ டைம்' வந்த பிறகுதான் விவாகரத்தான அம்மாவும் இரண்டு டீன்ஏஜ் பெண்களும் கதையின் நடுவுக்கு வந்தார்கள்.

செத்துப்போன அம்மா கதை எழுதுகிறவர்களுக்கு ரொம்ப வசதி. படமாக மாட்டிவிட்டால் முடிந்தது. அவர் ஃபோன் செய்யமாட்டார், பிறந்தநாளை மறக்கமாட்டார், அவர் மேல் யாருக்கும் கோபமும் வராது. உயிரோடு எங்கோ இருக்கிற அம்மா அப்படியில்லை, இன்றைக்கு வருவாரா என்று ஒரு காது எப்போதும் வாசலிலேயே இருக்கும்.

தாயுமானவர் விஷயத்துக்கு வருகிறேன். தொடரின் ஆரம்பப் பகுதியிலேயே ப்ளாஸம் வயதுக்கு வருகிறாள். வீட்டில் இருப்பதெல்லாம் ஆண்கள். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? 'காஸ்பி ஷோ' தொடரில் அம்மாவாக வரும் கிளேர் ஹக்ஸ்டபிள் தனக்கு அம்மாவாக வந்து பேசுவது போலக் கற்பனை செய்கிறாள், அந்த வேடத்தில் நடித்த ஃபிலிஷியா ரஷாதே இதிலும் வந்து நடித்திருப்பார். பக்கத்து சிட்காமிலிருந்து அம்மாவைக் கடன் வாங்கும் பெண்! நிக் அங்கே தாயாக மாறவில்லை. மாற முடியாது என்று தெரிந்த அப்பாவாகவே இருக்கிறார், எனக்கு அந்த ஆளைப் பிடித்ததே அதனால்தான்.

என் கதையும் இதுதான். ஏழு வருடமாகப் பெண்ணும் பையனும் என்னோடு இருக்கிறார்கள், அவர்கள் அம்மா வேறு ஊரில். பெண்ணுக்கு அந்த நாள் வந்தபோது அவள் முதலில் ஃபோன் செய்தது அவள் அம்மாவுக்கு, எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம் நமக்கென்ன இதில் வருத்தம் என்று தோன்றியது. பையன் பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு நான் தனியாகப் போவதைப் பார்த்த ஒரு ஆசிரியை அவனிடம் குரலைத் தாழ்த்தி "அம்மா எப்போ தவறினாங்க?" என்று கேட்டிருக்கிறார். அவன் வீட்டுக்கு வந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தொடரில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. ஜோயியை வரவர மடையனாக்கிக்கொண்டே போனார்கள், அவன் "வோ!" என்றதும் அரங்கமே அதிர்வது பத்தாவது தடவைக்கு மேல் தாங்காது. வாரத்துக்கு வாரம் "மிகவும் விசேஷமான ப்ளாஸம்" என்று தொடரை ஒளிபரப்பிய என்பிசி சேனல் விளம்பரம் செய்ததும் கேலிக்கூத்தாகத்தான் முடிந்தது. பிற்பாடு நிக்குக்கு கரோல் என்று ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தார்களே, அதுவும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அதில் என் சொந்தப் பொறாமையும் கொஞ்சம் இருக்கலாம்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடம் இருந்தால் "தாயில்லாப் பிள்ளைகள்" என்பதை மட்டுமாவது மாற்றுங்கள். கட்டுரையை முதலில் படித்தது என் பெண்தான். அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு என் மேஜையில் வைத்திருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்